கச்சான் காற்றுக் காலத்தில் பிள்ளைகளோடு: எங்கே நடக்கலாம், எங்கே துடுப்புப் போடலாம்?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு காலை நடக்கவும், இன்னொரு காலை துடுப்புப் போடவும் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. அம்மம்மாவும் வருவா. எங்களில் என் கணவருக்கு மட்டும்தான் நீச்சல் தெரியும். தம்பி கனடாவில் இருந்து வந்தபோது காற்று நிரப்பும் படகு ஒன்று தந்துவிட்டுப் போனவர், இரண்டு பேர் இருக்கலாம். ஓகஸ்டில் நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்குமே, அதை அங்கே இறக்கலாமா?

பதில்: இறக்க வேண்டாம். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஓகஸ்டில் எங்கள் கரையில் பிள்ளைகளுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து அந்த அமைதிக்குள்தான் இருக்கிறது.

கச்சான் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசுகிறது. உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்கைப் பார்த்த கரைகள். ஆகவே காற்று தரையில் இருந்து கடலுக்குள் தள்ளுகிறது. கரையோரத்தில் அலை எழும்ப அதற்கு இடமில்லை. தென்னைகளும் கட்டடங்களும் காற்றை மறைத்தும் விடும். முதல் சில பத்து மீற்றருக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அந்த மறைப்பைத் தாண்டியதும் காற்று முழுப் பலத்தோடு பிடிக்கும். காற்று நிரப்பும் படகுக்கு எடை நான்கைந்து கிலோ, பக்கச்சுவர் உயரம், தண்ணீருக்குக் கீழே பிடிமானம் எதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு பிள்ளை என்றால் பத்து நிமிடத்தில் சில நூறு மீற்றர் வெளியே போய்விடும். குட்டைத் துடுப்பால் காற்றுக்கு எதிரே திரும்பி வர ஒரு பெரியவராலும் முடியாது. அடுத்து நடப்பதுதான் இன்னும் மோசம்: தகப்பன் நீந்தித் துரத்துவார். படகு அவரைவிட வேகமாகப் போகும். பந்தானாலும் படகானாலும், ஆள் இல்லாமல் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதைக் கடற்கரைக்குப் போகுமுன் வீட்டிலேயே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

காற்று எந்தப் பக்கம் என்று அறிய கருவி தேவையில்லை. ஒரு பிடி உலர்ந்த மணலைத் தோளுயரத்தில் இருந்து விடுங்கள், அல்லது தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடல் பக்கம் சாய்ந்தால், காற்றால் மிதக்கும் எந்தப் பொருளையும் கடலில் இறக்கக் கூடாது. மதியத்துக்குப் பிறகு சில நாள் கடற்காற்று திரும்பி வரும். கச்சான் பலமான நாளில் அதுவும் வராது.

தம்பி தந்த படகைத் தூக்கி எறியத் தேவையில்லை. காற்றில்லாத காலையில், அம்மம்மாவின் இடுப்பளவுக்கு மேற்படாத களப்புத் தண்ணீரில், 15 மீற்றர் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஒரு பெரியவர் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை விளையாட விடலாம். மிதக்கும் பொலிப்ரொப்பிலீன் கயிறு நல்லது, காலில் சிக்காது. காலையில் இறுக்கமாகக் காற்று அடித்துவிட்டு வெயிலில் விட்டால் உள்ளே காற்று விரிந்து ஒட்டுகள் பிரியும். ஆகவே கொஞ்சம் தொய்வாக விடுங்கள். கண்டல் வேரும் மட்டிச் சிப்பியும் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையாகத் துடுப்புப் போட வேண்டுமென்றால் களப்புதான் இடம். உங்களுக்குக் கிட்ட இருப்பது உப்புவெளிக்கு வடக்கே சல்லி, சாம்பல்தீவுப் பக்கத்துக் களப்பு. அடுத்தது நிலாவெளியைத் தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்தடி. இரண்டிலும் கரை எப்போதும் பார்வைக்குள் இருக்கும், அலை இல்லை, கண்டல் மரங்களில் கொக்கும் மீன்கொத்தியும் இருப்பதால் பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள். இறங்குமுன் அங்கே வலை வீசுகிறவர்களிடம் மூன்று விடயம் கேளுங்கள்: முதலை கண்டதுண்டா, வலை எங்கே கட்டியிருக்கிறது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா. வறண்ட காலத்தில் பல களப்புகளின் வாய் மணலால் அடைபட்டுக் கிடப்பதுண்டு. திறந்திருந்தால் தண்ணீர் கடலுக்கு இழுக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். இங்கே கடலின் வற்றுப்பெருக்கு அரை மீற்றர் அளவுதான், ஆனாலும் ஒடுங்கிய வாயில் அது பலமான நீரோட்டமாகிவிடும். மகாவலியின் கிளைகள், வெருகல் பக்கம், காட்டோரக் குளங்கள் ஆகியவற்றில் பிள்ளைகளோடு துடுப்புப் போடுவது சரியல்ல, முதலைகள் அங்கே நிரந்தரக் குடிகள். உள்துறைமுகம் கடற்படையின் கட்டுப்பாட்டில் உள்ளது, அதையும் விட்டுவிடுங்கள்.

காலை 6.15க்குத் தண்ணீரில் இறங்கி 8 மணிக்குக் கரையேறுவது சரியான கணக்கு. களப்பின் நடுவில் வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றரைத் தொட்டுவிட்டது என்று பொருள். அன்று இறங்க வேண்டாம். நுரை இல்லாத நாளில் இறங்கினால், முதலில் காற்றுக்கு எதிரே போங்கள். தெம்பு இருக்கும்போது கஷ்டமான பாதி முடிந்துவிடும், களைத்த பிறகு காற்றே திருப்பிக் கொண்டுவரும். ஆட்கள் தலைகீழாகச் செய்வதும் பெரும்பாலான ஆபத்துகளுக்குக் காரணமாவதும் இந்த ஒரே விடயம்தான். பிள்ளைகளோடு மணிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கையிலுள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்புங்கள்.

ஒடுங்கிய துடுப்புப் படகான கயாக்கை உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வாடகைக்கு எடுக்கலாம். மேலே அமரும் வகையைக் கேளுங்கள். உள்ளே நுழைந்து அமரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிறைந்துவிடும். மேலே அமரும் வகையைப் புரட்டிவிட்டுத் திரும்ப ஏறலாம். எடுக்குமுன் ஒரு முனையைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சளசளத்தால் வடித்துத் தரச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் உள்ள வடிகால் அடைப்பான் இறுகியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். அது இல்லாத கயாக் முதலில் நன்றாகத்தான் மிதக்கும். அரை மணித்தியாலத்தில் உள்ளே சேர்ந்த தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடி, காரணம் தெரியாமல் ஆட்டம் காணும். படகில் எழுதியிருக்கும் எடை எல்லையில் முக்கால் பங்குக்குள் நிற்க வேண்டும்.

லைஃப் ஜக்கெட்டில்தான் வாடகைக்காரர்கள் அலட்சியம் காட்டுவார்கள், நீங்கள் காட்டாதீர்கள். நீச்சல் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று குறித்த, கழுத்துப் பட்டி உள்ளது வேண்டும். 50 நியூட்டன் நீந்தத் தெரிந்தவருக்கானது. பிள்ளையின் கிலோ உள்ளே ஒட்டிய சீட்டில் இருக்கும் எல்லைக்குள் வர வேண்டும், ‘வளர்ந்தாலும் போடலாம்’ என்று பெரிதாக எடுக்கக் கூடாது. எல்லாப் பட்டிகளையும் பூட்டிய பிறகு தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜக்கெட் காது வரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிப்போகும். 6 வயது மகளுக்குத் தொடைப்பட்டி கட்டாயம். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இருவரையும் மல்லாந்து மிதக்க விட்டு, முகம் தெளிவாக மேலே நிற்கிறதா என்று பாருங்கள். துணி வெளிறிப் பஞ்சு இறுகிப்போன ஜக்கெட்டை வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். பிள்ளையை எக்காரணம் கொண்டும் படகோடு கட்டக் கூடாது.

இரண்டு கயாக் எடுத்தாலும், நீந்தத் தெரியாத பெரியவர் தனியாகப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. உங்கள் வீட்டில் அது நீங்கள்தான். ஆகவே உங்கள் கணவர் ஒரு முறைக்கு ஒரு பிள்ளையோடு போகட்டும், அரை மணித்தியாலத்தில் ஆளை மாற்றலாம். கனமானவர் பின்னால், பிள்ளை முன்னால். முன்பக்கம் கனத்தால் படகு நேரே போகாது. துடுப்பின் குழிந்த முகம் தன்னை நோக்கி இருக்க வேண்டும். அதைத் தலைக்கு மேல் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும், அதுவே சரியான பிடி. பெரியவருக்கு 220 முதல் 240 சென்ரிமீற்றர் துடுப்பு பொருந்தும். அதே துடுப்பை மகனுக்குக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தோள் நோகும், 180 அளவில் ஒன்று கேளுங்கள்.

புறப்படுமுன் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே ஒரு முறை கவிழ்த்துப் பழகுங்கள். பிள்ளைக்கு ஒரே பாடம்: படகைப் பிடி, விடாதே, கரைக்கு நீந்தாதே. பெரியவர் படகைப் புரட்டி நிமிர்த்தி, எதிர்ப் பக்கத்தில் நின்று அழுத்திப் பிடிக்க, பிள்ளை வயிறு படியக் குறுக்கே ஏறி, பிறகு திரும்பி உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். முதல் முறை பயந்து அழுவார்கள், இரண்டாம் முறை சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வரும் வரை ஆழத்துக்குப் போகாதீர்கள். மீனவரின் வலைக் கம்புகளுக்கு இடையே நுழைய வேண்டாம், அது அவர்களின் பிழைப்பு.

நடைக்கு வருவோம். அம்மம்மாவும் வருவதால் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறும் வீதிதான் பொருத்தம். ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், தார் வீதி, நிழல் உண்டு. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து 1624 அளவில் கட்டிய கோட்டை இது. இன்றும் உள்ளே இராணுவம் இருப்பதால் வீதியை விட்டு விலகவோ முகாம் பக்கம் படமெடுக்கவோ கூடாது. காலை 6.15க்கு ஏறத் தொடங்கினால் மகளின் நடைக்கு 40 நிமிடம். சப்பாத்தைக் கழற்றிய பிறகு நடக்கும் கற்தரை 9 மணிக்கு மேல் உள்ளங்காலைச் சுடும், பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை கொண்டுபோங்கள். செங்குத்தான பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் மகளின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், விரலை அல்ல. குரங்குகள் கையில் தொங்கும் பொலித்தீன் பையைத்தான் பறிக்கும், சாப்பாடு முதுகுப் பைக்குள் இருக்கட்டும். மான்களுக்கு எதையும் போடாதீர்கள். அவை பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. மான் படுத்த புல்லில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள், உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் பாருங்கள்.

மகனுக்கு இன்னும் தூரம் வேண்டுமென்றால் உப்புவெளியில் இருந்து வடக்கே கடற்கரையோரம் மூன்று கிலோமீற்றர். ஈரமணல் பட்டையில் நடந்தால் முழங்கால் நோகாது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் இறுகிய கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். கேட்டால் பிள்ளைகளையும் இழுக்க விடுவார்கள். கன்னியா ஏழு வெந்நீர்க் கிணறுகள் நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. ஆடி அமாவாசையில் கூட்டம் நெரியும், வேறு நாளில் போங்கள். வெயிலில் நடந்து களைத்த பிள்ளைக்கு உடனே வெந்நீர் ஊற்றாமல், நிழலில் இருத்திக் குடிக்கக் கொடுத்த பிறகு ஊற்றுங்கள். கிணறுகளைத் தாண்டிய பற்றைக் காட்டுக்குள் நுழைய வேண்டாம், அந்தப் பக்கம் யானை உண்டு. குச்சவெளி, மூதூர் உட்பகுதிகளில் கண்ணிவெடிப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

தண்ணீர் பெரியவருக்கு ஒன்றரை லீற்றர், பிள்ளைக்கு ஒரு லீற்றர், கடையில் வாங்கலாம் என்று நம்பிப் புறப்படாதீர்கள். ஒரு ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல் தூள்) பக்கெட்டும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரும் தனியே இருக்கட்டும். பிள்ளை விளையாட்டை நிறுத்தி, தலையிடிக்கிறது என்று சொன்னால் நடை அங்கே முடிந்தது: நிழல், ஈரத்துவாய் கழுத்தில், சின்னச் சின்ன மிடறு. புடையன் பாம்பு கடித்தால் கட்டவோ கீறவோ கூடாது. கடித்த காலை அசைக்காமல் பொது வைத்தியசாலைக்கு.

புறாமலைத் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது எங்கள் எண்ணம். நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர்தான், ஆனால் கச்சான் தள்ளும் திசையிலேயே அது இருக்கிறது. கயாக்கில் போக நினைக்கவே வேண்டாம். 2003இல் தேசியப் பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டோடு இயந்திரப் படகில்தான் போக வேண்டும். மகள் மிதக்கப் பழகிய அடுத்த வருடம் போனால் பவளப்பாறையில் கால் வைக்காமல் பார்க்கத் தெரிந்திருக்கும்.

களப்புக்குப் போகும் நாளில் அம்மம்மாவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். அவவிடம் கடிகாரமும் சார்ஜ் உள்ள தொலைபேசியும் இருக்க வேண்டும். போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு இறங்குங்கள். குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் பிந்தினால் முதலில் பக்கத்து மீனவர்களைக் கூப்பிடட்டும், தோணி அவர்களிடம்தான் இருக்கிறது. பிறகு 119 பொலிஸ். யாருக்காவது அடிபட்டிருந்தால் 1990 இலவச அம்புலன்ஸ், பாலத்தின் பெயரைச் சொன்னால் வழி கண்டுபிடிப்பார்கள்.