செயலியை வெளியிடுமுன் நம்பகமான சோதனையாளரை எங்கே தேடுவது?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, பலசரக்குக் கடைக்காரர் கடன் கொப்பிக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய ஒரு அண்ட்ரொயிட் செயலியை உருவாக்கியிருக்கிறோம். கூகுள் பிளேயில் வெளியிடுவதற்கு முன்னர் 12 பேரைக் கொண்டு 14 நாட்கள் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். உறவினரும் நண்பர்களும் தங்கள் கைபேசியில் நிறுவினார்கள். 'நல்லா இருக்கு' என்பதற்கு மேல் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சிலர் இடையிலேயே அழித்தும் விட்டார்கள். பணம் கொடுத்தால் 12 பேரைத் தருவதாக இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. அதை ஏற்கலாமா? நம்பகமான சோதனையாளரை எங்கே, எப்படித் தேடுவது?"

பணம் கொடுத்து ஆட்களைச் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் 13ஆம் திகதிக்குப் பின்னர் திறக்கப்பட்ட தனிநபர் கணக்கிலிருந்து செயலியை வெளியிட விரும்புபவர், குறைந்தது 12 சோதனையாளரைக் கொண்டு 14 நாட்கள் இடைவிடாமல் மூடிய சோதனை (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் செயலியை நிறுவிப் பார்க்கும் சோதனை) நடத்தியிருக்க வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. தொடக்கத்தில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசெம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். விலைக்கு வருகிறவர்கள் இணைப்பை அழுத்திச் சேர்ந்துகொள்வார்கள், எண்ணிக்கையும் நிரம்பிவிடும். ஆனால் வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, சோதனையாளரை எப்படித் திரட்டினீர்கள், அவர்கள் செயலியை எவ்வாறு பாவித்தார்கள், என்ன கருத்துச் சொன்னார்கள், அதைக் கேட்டு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்றெல்லாம் கூகுள் கேட்கிறது. செயலியைத் திறந்தே பார்க்காத 12 பேரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு உண்மையான விடை எழுத முடியாது. சோதனை போதாது, தொடர்ந்து நடத்துங்கள் என்று விண்ணப்பம் திரும்பி வரவும் கூடும். 'என் செயலியை நீங்கள் சோதியுங்கள், உங்களுடையதை நான் சோதிக்கிறேன்' என்று மென்பொருளாளர்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் குழுக்கள் இதைவிட நேர்மையானவை என்றாலும், அவர்களில் ஒருவர்கூட ஒருநாளும் கடன் கொப்பி எழுதியிருக்க மாட்டார்.

உங்கள் உறவினர் மௌனமாக இருப்பதற்கும் காரணம் அதுவே. அவர்களுக்கு உங்கள் மேல் அன்பு இருக்கிறது, ஆனால் செயலியில் எழுதுவதற்கு ஒரு கடன் இல்லை. எழுதவேண்டிய தேவை இல்லாதவருக்குச் செயலியின் பிழை தட்டுப்படாது, தட்டுப்பட்டாலும் அது அவரை வருத்தாது. நம்பகமான சோதனையாளர் என்று நான் கருதுவது பொறுமைசாலியையோ தொழில்நுட்பம் தெரிந்தவரையோ அல்ல. உங்கள் செயலி பிழைவிட்டால் தன்னுடைய காசு கணக்கில் பிசகிவிடும் என்ற நிலையில் இருப்பவரைத்தான்.

இதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்காக மாணவர் வரவைப் பெற்றோருக்கு அறிவிக்கும் செயலி ஒன்றைச் செய்தேன். என் அலுவலகத்து இளைஞர்கள் பதினைந்து பேர் இரண்டு வாரம் சோதித்து, குறையே இல்லை என்றார்கள். வெளியிட்ட அன்று காலை, ஒரு தாய் தன் மூத்த மகளைப் பதிவுசெய்துவிட்டு இளைய மகனைப் பதிவுசெய்ய முயன்றபோது, 'இந்த இலக்கம் ஏற்கனவே பதிவாகியுள்ளது' என்று செயலி மறுத்துவிட்டது. ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு மாணவர் என்று நான் அமைத்திருந்தேன். சோதித்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் இரண்டு பிள்ளைகள் இல்லை. பெரும்பாலானோருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நான்தான் பொருந்தாத ஆட்களிடம் கேட்டிருந்தேன்.

ஆகவே கடைகளுக்குச் செல்லுங்கள். ஆனால் முன்பின் தெரியாதவராகப் போய் நின்றால், ஏதோ விற்க வந்திருப்பதாகவே நினைப்பார்கள். கடைகளுக்குக் கிழமைதோறும் பொருள் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதி ஒருவரைப் பிடித்துக்கொள்வது நல்ல வழி. எந்தக் கடையில் கடன் அதிகம் போகிறது, எந்த முதலாளி புதியதைக் கேட்டுப்பார்க்கக்கூடியவர், எங்கே பகலில் மனைவியும் மாலையில் கணவரும் கடையைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்தக் கடைசி விடயத்தைக் கவனத்தில் கொள்ளுங்கள்: ஒரே கைபேசியை இருவர் மாறிமாறிப் பாவிக்கும் கடை இரண்டு மூன்றாவது உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். ஊர்ச் சனசமூக நிலையத்தின் வழியாகவும் உள்ளூர் வணிகர் சங்கத்தின் வழியாகவும் அறிமுகம் தேடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கணினி மாணவர்களைக் குறிப்பெடுக்க அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரருக்குப் பதிலாக அவர்களைச் சோதனையாளர் ஆக்கிவிடாதீர்கள்.

12 பேர் தேவை என்றால் 18 அல்லது 20 பேரைச் சேர்ப்பதே பாதுகாப்பு, ஏனெனில் நடுவில் சிலர் விலகி எண்ணிக்கை 12க்குக் கீழே போனால், 14 நாள் தொடர்ச்சி அறுந்துவிடும். அந்த 20 பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கவும் கூடாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் இருக்கும் பெரிய கடையும், பருத்தித்துறையில் ஒரு வீட்டு முன்திண்ணைக் கடையும், குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவுக் கடையும் உங்கள் செயலியிடம் வேறுவேறானவற்றை எதிர்பார்க்கும். சமிக்ஞை விட்டுவிட்டு வரும் இடத்தில் எழுதிய கடன் இரண்டு முறை பதிவாகிறதா, பதிவாகாமலே போகிறதா என்பதை நகரத்துக்குள் இருந்துகொண்டு அறியமுடியாது. அதேபோல் சேமிப்பிடம் நிரம்பிய பழைய கைபேசி ஒன்றும், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவர் ஒருவருடைய கைபேசியும் கட்டாயம் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெருப்பித்தவுடன் 'கடனைப் பதிவுசெய்க' என்ற பொத்தான் 'கடனைப் பதி' என்று பாதியில் அறுபட்டு நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருவர் பொருத்தமானவரா என்று அறிவதற்கு, 'இப்படி ஒரு செயலி வந்தால் பாவிப்பீர்களா?' என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அரிது. அதற்குப் பதிலாக நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: போன கிழமை எத்தனை பேருக்குக் கடன் எழுதினீர்கள், எழுதியது யார், கடைசியாக எப்போது கணக்கில் தகராறு வந்தது? பிறகு ஒரு சிறு காரியம் சொல்லிப் பாருங்கள். கைபேசியின் மாதிரியும் அண்ட்ரொயிட் பதிப்பும் தெரியும் திரையைப் படம்பிடித்து மறுநாள் மாலைக்குள் வட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேளுங்கள். அனுப்புகிறவர் பெரும்பாலும் 14 நாளும் கூடவருவார். மூன்று முறை நினைவூட்டியும் அனுப்பாதவரை வருத்தமின்றி விட்டுவிடலாம். அந்தப் படம் உங்களுக்கு எப்படியும் தேவைப்படும்.

அழைப்பு சுருக்கமாகவும், கேட்பது எவ்வளவு என்று தெளிவாகவும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "வணக்கம் அண்ணை. கடைக் கடன் கணக்கு எழுத ஒரு செயலி செய்திருக்கிறோம். வெளியில் விடுவதற்கு முன்னம் நீங்கள் 14 நாள் பாவித்துப் பார்க்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கொப்பியையும் நிறுத்தாமல் எழுதுங்கோ. பிழை இருந்தால் குரல் பதிவில் சொல்லுங்கோ, அடுத்த நாளுக்குள் பதில் தருவோம். டேற்றாச் செலவை நாங்கள் பொறுப்பெடுக்கிறோம்." டேற்றாவுக்கு ரீலோட் போட்டுக்கொடுப்பது நியாயமானது, அதைச் சோதனையின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். நல்ல கருத்துக்குப் பரிசு என்ற எண்ணம் ஒருபோதும் தோன்றக் கூடாது. தோன்றினால் உங்களுக்கு நல்ல கருத்து மட்டுமே கிடைக்கும்.

கொப்பியை நிறுத்த வேண்டாம் என்பது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. ஒவ்வொரு மாலையும் கொப்பியின் கூட்டுத்தொகையையும் செயலியின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராத நாளில், எங்கே பிசகியது என்று தேடும்போது வெளிப்படும் வழு, எந்தக் கேள்வித்தாளிலும் அகப்படாது.

நிறுவும் நாளில் நேரில் போகவேண்டும். வட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பி நிறுவச் செய்தால் அவர் சோதனையாளராகக் கணக்கில் வரமாட்டார். செயலியை வெளியிடுபவர்களுக்கான கூகுளின் தளமாகிய பிளே கொன்சோலில் நீங்கள் சேர்த்த மின்னஞ்சல் முகவரியுள்ள கணக்கிலிருந்தே இணைப்பைத் திறந்து சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். இங்கேதான் எதிர்பாராத தடங்கல் வரும். பல கடைக்காரருடைய கூகுள் கணக்கைக் கைபேசி வாங்கிய கடையில் ஒரு பையன் திறந்து கொடுத்திருப்பான். அல்லது அது வெளிநாட்டிலுள்ள மகனுடையதாக இருக்கும். முகவரி என்னவென்று அவர்களுக்கே தெரியாது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையிலுள்ள வட்டத்தை அழுத்தி, அங்கு தெரியும் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுவியதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அரை மணித்தியாலம் வாய்திறக்காமல் பாருங்கள். இதுதான் மிகக் கடினமான வேலை. ஒருமுறை மருதனார்மடத்துப் பக்கம் ஒரு கடையில் இப்படி அமர்ந்திருந்தேன். கடைக்கார அம்மா பருப்பு நிறுத்த கையோடு கைபேசியை எடுத்தார். புதிய கடனாளி என்ற திரை, முதற்பெயர், குடும்பப்பெயர், தொலைபேசி இலக்கம் என்று மூன்று கட்டங்களைக் காட்டியது. அவர் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைபேசியை வைத்துக் கொப்பியை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த பெயர்கள்: 'பனையடி அக்கா', 'ஓட்டோ தம்பி', 'வாத்தியார் வீட்டு மருமகள்'. அவருடைய கொப்பியில் குடும்பப்பெயர் என்று ஒன்று எப்போதும் இருந்ததே இல்லை. ஒரே ஒரு கட்டமும், அதில் எதையும் எழுதலாம் என்ற சுதந்திரமும்தான் அவருக்குத் தேவைப்பட்டன. உங்கள் செயலியில் இந்தத் திரை எப்படியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பெயரைத் தேடும் வசதியையும் பாருங்கள்: ஆங்கில எழுத்தில் ஒரே சுந்தரத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள்.

எத்தனை பேரிடம் இப்படி அமர வேண்டும் என்றால், பயன்பாட்டுச் சோதனையில் நெடுங்காலம் உழைத்த யாக்கொப் நீல்சன், ஒரே வகைப் பாவனையாளரில் 5 பேரைக் கவனித்தாலே சிக்கல்களில் ஏறத்தாழ 85 வீதம் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். அது ஒரு கணக்கீட்டு மாதிரி மட்டுமே; ஆயினும் 20 பேரிடமும் அமர நேரமில்லாத உங்களுக்கு 5 கடைகள் என்பது எட்டக்கூடிய இலக்கு. மற்றவர்களோடு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தொலைபேசியில் கதையுங்கள். எல்லோரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒருவர் 'நல்லா இருக்கு' என்றால் மற்றவர்கள் கும்பிடும் கைப் படத்தைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். அயல் கடைக்காரர் இருக்கும் இடத்தில் தன் கடன் கணக்கைப் பற்றி எவரும் வாய்திறக்கவும் மாட்டார்.

குறை ஒன்று வந்தால், எந்தக் கைபேசி, எந்தப் பதிப்பு, என்ன செய்தார், என்ன நடக்கும் என்று நினைத்தார், என்ன நடந்தது என்று ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். மூடிய சோதனை நடக்கும் நாட்களில் புதிய பதிப்பை வெளியிடத் தடையில்லை. திருத்தியவுடன், 'நீங்கள் சொன்ன அந்தப் பிழையைத் திருத்திவிட்டோம், பாருங்கோ' என்று சொன்னவருக்கே தனியாகச் சொல்லுங்கள். சோதனையாளரை இறுதிவரை தக்கவைத்துக்கொள்வதில் இதற்கு ஈடான வழியை நான் காணவில்லை. மூடிய சோதனையில் சொல்லப்படும் கருத்துகள் உங்களுக்கு மட்டுமே வரும், பொது மதிப்பெண்ணைப் பாதிக்கமாட்டா என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்களுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று குறையை மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது ஓர் ஊரின் மானத்தோடு ஒட்டிய செய்தி. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; ஆனால் சட்டத்துக்கு முன்னரே, அந்தப் பட்டியல் வெளியே போனால் கடைக்காரர் ஊரில் முகங்கொடுக்க முடியாது. தரவு கைபேசியிலேயே இருக்கிறதா, உங்கள் சேவையகத்துக்கு வருகிறதா, உங்களில் யார் அதைப் பார்க்க முடியும், சோதனை முடிந்தால் எப்போது அழிப்பீர்கள் என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லும்போது பெயர்களை மறைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், பொங்கல், தீபாவளிக்கு முந்திய கிழமைகளிலும் கடைக்காரருக்கு உங்களோடு கதைக்க நேரமிராது. ஐபோனுக்கும் பின்னர் செய்ய நினைத்தால், அப்பிளின் செயலிச் சோதனைச் சேவையான ரெஸ்ற்ஃபிளைற் வழியாக 10,000 வெளிச் சோதனையாளர் வரை சேர்க்கலாம், ஒவ்வொரு பதிப்பும் 90 நாட்களுக்குச் செல்லுபடியாகும். ஆனால் உங்கள் கடைக்காரரில் ஐபோன் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்தச் செலவை முடிவுசெய்யுங்கள்.

14ஆம் நாள் முடிந்ததும் நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தே கூகுளின் கேள்விகளுக்கு விடை எழுதலாம். பதில் வருவதற்குப் பொதுவாக ஒரு கிழமை வரை ஆகும். அதுவரை சோதனையை நிறுத்தாமல், எவரையும் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருங்கள். மாலைக் கணக்கு ஒப்பிடுவதும் தொடரட்டும்.