தலையைக் குறிபார்க்கும் முன்

கேள்வி: உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று சந்தேகம் வந்துவிட்டால், எச்சரித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? 2005-ல் லண்டன் போலீஸார் சுட்டதில் ஒரு நிரபராதி இறந்தது வருத்தம்தான். ஆனால், அவர் உண்மையிலேயே குண்டுதாரியாக இருந்திருந்தால் சுட்டவர்களைக் கொண்டாடியிருக்க மாட்டோமா? – வாசகர் ஒருவர், மதுரை

பதில்: அவர் குண்டுதாரியாகவே இருந்திருந்தால், வெடிக்கச் செய்ய அவருக்குக் குறைந்தது மூன்று வாய்ப்புகளைக் காவல் துறையே கொடுத்திருந்தது. கொண்டாட்டத்தை அங்கிருந்து பரிசீலிப்போம்.

அந்த ஆண்டு ஜூலை 7 அன்று தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் 52 பேர் கொல்லப்பட்டு, 21 அன்று மேலும் நான்கு குண்டுகள் சரியாக வெடிக்காமல் தப்பிய நகரம் அது. வெடிக்காத குண்டோடு கிடந்த பையில் இருந்த உடற்பயிற்சிக் கூட அட்டை, ஹுசைன் உஸ்மான் என்பவரின் முகவரிக்குக் காவலர்களை இட்டுச்சென்றது. அது பல குடும்பங்கள் ஒரே வாசலைப் பயன்படுத்திய அடுக்குமாடிக் கட்டடம். அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொருவரையும் ஆயுதப் பிரிவினர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று 22-ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே முடிவாகிவிட்டது. பிரேசிலைச் சேர்ந்த 27 வயது மின்பணியாளர் ஜீன் சார்லஸ் டி மெனெசிஸ் அங்கிருந்து வேலைக்குப் புறப்பட்டபோது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. ஆயுதப் பிரிவு இன்னும் வந்து சேரவில்லை. வாசலைக் கண்காணித்தவரோ அந்த நேரம் பார்த்துச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்ததால், வெளியே வந்தவரைப் படம் எடுக்கவும் முடியவில்லை.

மெனெசிஸ் பேருந்தில் ஏறினார். பிரிக்ஸ்டனில் இறங்கி, சுரங்க ரயில் நிலையம் மூடியிருப்பதைக் கண்டு மீண்டும் பேருந்தில் ஏறினார். ஸ்டாக்வெல் நிலையத்தில் இலவச நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு, பயண அட்டையைக் காட்டி உள்ளே போய், ரயிலில் உட்கார்ந்தார். பின்தொடர்ந்தவர்களில் எவரும் இவர்தான் உஸ்மான் என்று உறுதியாகச் சொல்லவில்லை. நேரமில்லை என்கிறீர்களே, ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்தது.

தலையில் சுடும் முறைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உடம்பில் சுட்டால் வெடிமருந்து வெடிக்கலாம், எச்சரித்தால் விரல் பொத்தானை அழுத்திவிடலாம். இஸ்ரேல், இலங்கை, ரஷ்யா ஆகிய நாடுகளின் அனுபவத்தைக் கேட்டறிந்தே 'கிராடோஸ்' என்ற அந்த நடைமுறையை லண்டன் காவல் துறை வகுத்தது. ஆனால், சந்தேக நபர் கையைத் தூக்கிச் சரணடையும் வாய்ப்பையே எடுத்துவிடும் ஒரு முறையில், அடையாளம் காண்பதில் நேரும் பிழையைத் திருத்த அதற்குப் பிறகு எந்தப் படியும் இல்லை; ஆகவே முன்னால் இருக்கும் படிகள் அத்தனையும் பிசகாமல் இருந்தாக வேண்டும். அன்று ரயில் பெட்டிக்குள் நடந்ததைப் பாருங்கள். கண்காணிப்புக் காவலர் ஒருவர் மெனெசிஸின் கைகள் அசையாதபடி உடம்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்து இருக்கையில் அழுத்தியிருந்த நிலையில்தான் தலையில் ஏழு குண்டுகளும் தோளில் ஒன்றும் பாய்ந்தன. அந்தக் காவலரையே துப்பாக்கி முனையில் தரையில் இழுத்துப் போட்டார்கள் சக காவலர்கள்.

மெனெசிஸின் உடையும் நடத்தையும் சந்தேகத்தைக் கூட்டின என்று அன்றே காவல் துறையின் அறிக்கை வந்தது. அணிந்திருந்தது மெல்லிய டெனிம் மேல்சட்டை. 'ஆயுதமேந்திய போலீஸ்' என்று குரல் கொடுத்ததாகச் சுட்டவர் சொன்னதை, 2008-ல் மரண விசாரணை நடுவர்கள் (ஜூரிகள்) ஏற்கவில்லை. 'சட்டவிரோதக் கொலை' என்று தீர்ப்பளிக்க அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. 'சட்டப்படியான கொலை' என்று சொல்லவும் அவர்கள் மறுத்தார்கள்.

தண்டனை என்று ஒன்று கிடைத்தது 2007-ல், அதுவும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். தொழிற்சாலைகளுக்கானது என்று நாம் நினைக்கும் அந்தச் சட்டத்தில் லண்டன் காவல் துறைக்கு 1,75,000 பவுண்டு அபராதம். மெனெசிஸை மட்டுமல்ல, குண்டுதாரி என்று தாங்களே நம்பிய ஒருவரைப் பேருந்திலும் ரயிலிலும் ஏறவிட்டுப் பொதுமக்களையும் ஆபத்தில் தள்ளினார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம். உங்கள் கேள்விக்கான பதிலும் அதுவே.

சுட்ட இருவரைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. தவறான தகவலை நம்பியவர்கள் அவர்கள். என் கோபம் அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் மீது. ஆயுதப் பிரிவு நான்கரை மணி நேரம் வந்து சேராததற்காக ஒரு தனி அதிகாரிகூடக் கூண்டில் ஏறவில்லை. வழக்குத் தொடராதது உயிர்வாழும் உரிமையை மீறவில்லை என்று 2016-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளில் 13 பேர் முடிவு செய்தார்கள். அன்று கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பு வகித்த கிரெசிடா டிக் மீது தனிப்பட்ட குற்றம் இல்லை என்று 2007 வழக்கின் நடுவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். 2017-ல் அவர் அதே படையின் ஆணையரானார்.