விலகினால் யாருக்குத் தண்டனை?

கேள்வி: இருபது வருடமாக எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். வாராவாரம் வீடு சந்திக்கிறோம், அரிசியும் மருந்துச் செலவும் கொடுக்கிறோம். குருக்கள் சிறுவர்களுக்குச் செய்த கொடுமையையும் ஆயர்கள் அதை மறைத்ததையும் படித்தபின், இந்தத் திருச்சபையின் பெயரில் கொடுக்கவே கூசுகிறது. விலகிவிடலாமா?
- ஒரு வாசகர், சோமனூர்

பதில்: உங்களுக்குக் கூசுகிறதே, அது சரிதான். பிரான்சில் திருச்சபையே அமைத்த விசாரணைக் குழு 2021ல் அறிக்கை தந்தது. 1950 முதல் 70 ஆண்டுகளில் குருக்களாலும் துறவிகளாலும் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுவர் சிறுமியர் சுமார் 2,16,000 பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. இதைப் படித்த பிறகும், "நாம் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆஸ்பத்திரி நடத்துகிறோம்" என்று கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன். தொழுநோயாளியின் புண்ணைக் கழுவும் கன்னியர், யாரோ ஒரு குரு செய்த குற்றத்துக்கு ஜாமீன் நிற்கவா அந்த வேலைக்குப் போனார்? அவருடைய உழைப்பை எடுத்து இதற்குப் போர்வையாகப் போர்த்தாதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விலகினால் மறைத்த ஆயருக்கு ஒன்றும் ஆகாது. தறி ஓடாத மாதத்தில் உங்களை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத்தான் அரிசி வராது. அது ஆயர் வீட்டு அரிசியும் இல்லை. கூட்டம் முடியும்போது சுற்றிவரும் பையில், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாமல், உங்களைப் போன்றவர்கள் போட்ட காசு.

உங்கள் சபை பிறந்ததும் திருச்சபைக்கு நல்ல பெயர் இருந்த காலத்தில் அல்ல. 1831ல் பாரிஸ் பேராயர் இல்லத்தையே கூட்டம் சூறையாடியது. சுமார் இரண்டு வருடம் கழித்து, பழைய காலத்தில் நல்லது செய்தீர்கள், இன்று என்ன செய்கிறீர்கள் என்று விவாதத்தில் மடக்கினார்கள், பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரை. அவருக்கு அப்போது 20 வயது இருக்கும். அவர் பழம்பெருமை பேசவில்லை. நண்பர்களோடு ஏழைகளின் வீடு தேடிப் போனார். அதுதான் உங்கள் சபையின் தொடக்கம். எந்த வீடு என்று வழிகாட்டியவர் ரோசலி ராந்து என்ற கன்னியர்.

நம் கோவையின் முதல் ஆயர் பிரெசியாக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாதி வழக்கங்களுக்கு இடம்கொடுக்கும் முறையை மனசாட்சி ஏற்காமல் பதவியைத் துறந்தார். 1856ல் ஆப்பிரிக்கப் பணிக்கு ஒரு சபை தொடங்கி, 1859ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். உங்களுக்கும் உறுத்தினால் சபையில் வகிக்கும் பொறுப்பை விடுங்கள். பாட்டி வீட்டுக்குப் போவதை விடாதீர்கள்.

ஆனால் வாயை மூடிக்கொண்டு அரிசி கொடுக்கச் சொல்லவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு அப்படிக் கொடுமை நடந்தது தெரிந்த எவரும் போலீசில் சொல்லியாக வேண்டும். பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது. குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

திருச்சபையின் யூபிலி (புனித) ஆண்டான 2025ல் கோயில் கோயிலாக 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பதாகை கட்டினோம். இந்த அக்கிரமத்தை வெளியே கொண்டுவந்ததில் பெரும்பங்கு பாதிக்கப்பட்டவர்களுடையது. ஆண்டுக்கணக்கில் யாரும் நம்பாதபோதும் அவர்கள் பேசினார்கள். எதிர்நோக்கு என்றால் எனக்கு முதலில் அவர்கள் முகம்தான் வருகிறது. அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து பேசுங்கள். நம் பங்கில் ஒரு பிள்ளை புகார் சொன்னால் யார் கூட நிற்பது என்று கேளுங்கள், பெயரை எழுதி வாங்குங்கள். அப்புறம் வழக்கம்போலப் பை சுற்றி வரட்டும்.