சான்றிதழைப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை

கேள்வி: நான் சங்கராபுரம் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள், கட்-ஆஃப் 200-க்கு 171. எட்டாம் வகுப்பு வரை தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆர்.டி.இ. (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) இடத்திலும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தாள். மே மாதம் வீடு தேடி வந்த கல்வி ஆலோசகர் ஒருவர், கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி, 15,000 ரூபாயும், டி.சி., மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலையும் வாங்கிக்கொண்டு போனார். கலந்தாய்வு விண்ணப்பத்தையும் அவரே நிரப்பினார். தரவரிசைப் பட்டியல் இந்த வாரம் வந்துவிட்டது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டால், அது கல்லூரியில் இருப்பதாகவும் முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் கிடைக்கும் என்றும் சொல்கிறார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும் மகளுக்குத் தகுதி இல்லையாம். பணத்துக்கு அவர் கொடுத்த ரசீதின் படத்தை இணைத்திருக்கிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அவர் ஊர்க்காரர், மனம் நோகுமே என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சான்றிதழைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, விண்ணப்பத்தை அவரே நிரப்பினார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். சான்றிதழை அடுத்த வாரம்கூட மீட்டுவிடலாம். தரவரிசைப் பட்டியல் வந்தபின் குறைகளைத் தெரிவிக்கத் தரும் சில நாட்கள் போய்விட்டால் திரும்பி வராது.

எனவே நாளைக் காலையிலேயே மகளை அழைத்துக்கொண்டு, உங்கள் மாவட்டத்துக்கென்று அறிவிக்கப்பட்டிருக்கும் பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் அது ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ இருக்கும். அங்கே உதவி பெறக் கட்டணம் இல்லை. மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: விண்ணப்பத்தில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண் யாருடையது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, 7.5 விழுக்காட்டுக் கட்டத்தில் 'ஆம்' என்று இருக்கிறதா 'இல்லை' என்று இருக்கிறதா. முதல் இரண்டும் ஆலோசகர் என்று வந்த அந்தத் தரகரிடம் இருந்தால், விருப்பக் கல்லூரிப் பட்டியலை அவர்தான் நிரப்புவார். தமக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற கல்லூரியை முதல் வரியில் வைப்பார். ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்வதற்கான ஓ.டி.பி.யும் அவருடைய கைப்பேசிக்கே போகும். நான் உதவி மையத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், 'என் கட்-ஆஃபுக்கு இந்தக் கல்லூரியா வந்திருக்கிறது?' என்று அழுதபடி வந்த பிள்ளைகளிடம் பட்டியலைத் திறந்து காட்டினால், அதில் ஒரே ஒரு கல்லூரியின் ஐந்து பாடப்பிரிவுகள் மட்டும் வரிசையாக இருக்கும். கணினி தவறு செய்யவில்லை. கொடுத்த விருப்பத்தைத்தான் நிறைவேற்றியிருக்கிறது.

அடுத்தது, உங்கள் மகளுக்கு 7.5 விழுக்காட்டில் தகுதி இல்லை என்ற பேச்சு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே இந்த ஒதுக்கீடு என்பது பொது விதி. அந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது; உங்கள் மகள் சரியாக அதற்குள் வருகிறாள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்து, எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்து, பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவரும் அரசுப் பள்ளி மாணவராகவே கொள்ளப்படுவார். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், அதற்குமேல் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பதே இதன் நியாயம். ஆனால் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாறியவருக்கு இது பொருந்தாது. இடையில் ஓராண்டு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவருக்கும் பொருந்தாது. அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். ஆகையால் பழைய மெட்ரிக் பள்ளிக்குப் போய், உங்கள் மகள் ஆர்.டி.இ. இடத்தில்தான் சேர்க்கப்பட்டாள் என்று வகுப்புகளையும் ஆண்டுகளையும் குறிப்பிட்டு ஒரு சான்று வாங்குங்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்று வாங்குங்கள். இரண்டையும் உதவி மையத்தில் கொடுத்துத் தகுதியைத் திருத்தக் கோருங்கள்.

தரகர் ஏன் இதை மறைக்கிறார் என்று இப்போது விளங்கும். 7.5 விழுக்காட்டில் பொறியியல் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. அவர் பேசிவைத்திருப்பதோ, கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதில் இந்தச் சலுகை கிடையாது. 'முதல் பட்டதாரிச் சலுகையில் 25,000 ரூபாய் கழித்துத் தருகிறேன்' என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவருக்கான அந்தச் சலுகையும், அரசு நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான். இலவசமாகக் கிடைக்கக்கூடிய படிப்பை விலைக்கு வாங்கவைத்துவிட்டு, அதைக் குறைந்த விலைக்கு முடித்துக் கொடுத்ததாக நன்றியையும் எதிர்பார்ப்பார்கள். தவிர, 7.5 பட்டியலில் போட்டியிடுகிறவர்கள் குறைவு என்பதால், அதே 171-க்குப் பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரிகளும் அங்கே எட்டக்கூடும்.

இனிச் சான்றிதழ். சேர்க்கையின்போது அசலை மாணவர் முன்னிலையில் சரிபார்த்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சுயசான்றொப்பமிட்ட நகலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளை அங்கீகரிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியும், பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. வகுப்பு தொடங்குமுன் விலகும் மாணவருக்கு, அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு, வாங்கிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் யாரோ ஒரு தையற்காரரோ கொத்தனாரோ கூலிவேலையை விட்டுவிட்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினால்தான் அது நடக்கிறது. விதியை எழுதியவர்கள், மீறும் நான்கு கல்லூரிகளின் பெயரைச் சேர்க்கைக் காலத்திலேயே வெளியிட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டியிருந்திருக்காது.

நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பார்த்தேன். அது ரசீதே அல்ல. கல்லூரியின் முத்திரையோ எண்ணோ இல்லாமல், டைரித் தாளில் '15,000 பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கையெழுத்து. பணம் கல்லூரிக்குப் போயிற்றா, அவர் பையிலேயே இருக்கிறதா என்பது அதைக் கொண்டு தெரியாது. ஆகவே முதலில் கல்லூரி முதல்வருக்கு பெற்றதற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மகளின் பெயர், கொடுத்த சான்றிதழ்களின் பட்டியல், கொடுத்த தேதி, வாங்கியவரின் பெயர், கொடுத்த பணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஏழு நாளைக்குள் திருப்பித் தரக் கோரினால் போதும். வசை வேண்டாம், வரலாறும் வேண்டாம். கடிதம் போன மூன்றாம் நாளே தரகர் கோப்புடன் வீட்டு வாசலில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரவில்லையென்றால், அதே கடிதத்தின் நகலை இணைத்துத் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பணத்துக்கு இந்த வழி மெதுவாகத்தான் பலன் தரும். சான்றிதழுக்கு விரைவாகவே தரும்.

அதற்காக அசல் வரும்வரை கலந்தாய்வைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விருப்பப் பட்டியல் நிரப்புவதும் ஒதுக்கீட்டை உறுதி செய்வதும் இணையவழியில் நடப்பவை. அசல் தேவைப்படுவது ஒதுக்கீட்டுக்குப் பிறகு கல்லூரியில் சேரும்போதுதான். சாதிச் சான்றிதழ் இ-சேவை வழியாகப் பெற்றதாக இருந்தால், எண்ணைக் கொண்டு மீண்டும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். மதிப்பெண் பட்டியல், அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருக்கும். அவர் கையில் உண்மையில் சிக்கியிருப்பது டி.சி. ஒன்றுதான். அதற்கும் தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, பள்ளிப் பதிவேட்டின்படி சான்றொப்பமிட்ட நகல் ஒன்று கேளுங்கள். அந்த நகலையும் ஒரு உறுதிமொழிக் கடிதத்தையும் பெற்றுக்கொண்டு, அசலுக்குச் சில நாட்கள் அவகாசம் தரும் கல்லூரிகள் உண்டு. 'சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துப் புதிதாக வாங்கிவிடுங்கள்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்தது என்பது பொய்ப் புகார். நாளை அவரே அசலை எடுத்து நீட்டினால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அவர் ஊர்க்காரர், மனம் நோகுமே என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் சேராவிட்டால் அவருக்கு ஒரு தலைக்கான கமிஷன் குறையும், அவ்வளவுதான். சண்டை போட வேண்டாம், அவரிடம் நேரில் பேசவே வேண்டாம். நாளைக்கு மையத்துக்குப் போகும்போது மகளின் பெயரில் உள்ள சிம் போட்ட கைப்பேசியை எடுத்துப்போய், விண்ணப்பத்தில் எண்ணை மாற்றித்தரக் கேளுங்கள். கடவுச்சொல்லை அவளே தட்டச்சு செய்யட்டும். முதல்வருக்கான கடிதமும் அவள் பெயரில், அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையவில்லையென்றால் அதன் கீழே பெற்றோர் என்று குறிப்பிட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.