விவசாயக் கழிவிலிருந்து பயனுள்ள வேதிப்பொருள் எடுப்பது நிஜமாகவே நடக்கிற தொழிலா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். உமி, தோடு (கொட்டையின் ஓடு), தோல், சக்கை மாதிரியான கழிவுகளிலிருந்து இயற்கை வேதிப்பொருட்களைப் பிரித்தெடுக்கலாம் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது எங்காவது தொழிலாக நடக்கிறதா, இல்லை ஆய்வகத்தோடு நின்றுவிடுகிறதா? நடக்கிறதென்றால் அவர் ஊரில் சிறிதாகத் தொடங்க முடியுமா?

நடக்கிறது. எட்டு வருடம் எனக்குச் சம்பளமே அதிலிருந்துதான் வந்தது. இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு கழிவை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். மற்ற ஊர்க்காரர்கள் முந்திரிக்கொட்டை என்று சொல்வதை எங்கள் பக்கம் அண்டி என்போம். முந்திரி உடைக்கிற ஆலைக்குப் பெயர் ‘அண்டி ஆபீஸ்’. ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, ஃபேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுக் கொட்டகை, தரையில் வரிசையாகக் குந்தியிருக்கும் பெண்கள், காது அடைக்கும் சத்தம், அவ்வளவுதான். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தார். வறுத்த அண்டியைக் கல்லில் நிறுத்திப் பிடித்து மரச்சுத்தியால் ஒரு தட்டு. பருப்பு உடையாமல் வர வேண்டும், உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தோட்டிலிருந்து கறுத்த எண்ணெய் விரலில் பீச்சும். பக்கத்தில் சிரட்டையில் சாம்பல் இருக்கும். அதில் விரலைத் தோய்த்துவிட்டு அடுத்த அண்டியை எடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ப்பார். மேலே இருக்கிற பிசுக்கு போகும், கறுப்பு போகாது. சில நாள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார்.

அந்தக் கறுப்பு எண்ணெய்தான் நான் பேசப்போகிற பொருள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சின்ன வயதிலேயே அறிமுகம். கதம்பைத் தீயில் (கதம்பை என்றால் தேங்காய் மட்டை) பச்சை அண்டியைப் போட்டால் முதலில் ஒன்றும் ஆகாது. அப்புறம் ‘புஸ்’ என்று பக்கவாட்டில் ஒரு தீ நாக்கு பாயும், பட்டாசு மாதிரி. அந்தப் பக்கம் முகத்தைக் காட்டினால் தீர்ந்தது. அண்டித்தோடு இரண்டு அடுக்கு. நடுவில் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் எண்ணெய். பூச்சியும் அணிலும் பருப்பைத் தொடாமலிருக்க மரம் போட்டுவைத்த காவல். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாகிறதே, சலவைக்காரர்கள் துணியில் அழியாத குறி போட சேராங்கொட்டையைப் பயன்படுத்தினார்களே, எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தின் வேலை.

நூறு கிலோ தோட்டை எக்ஸ்பெல்லரில் ஆட்டினால் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து கிலோ எண்ணெய் கிடைக்கும். தொழிலில் இதற்கு சி.என்.எஸ்.எல். (கேஷ்யூ நட் ஷெல் லிக்விட், அதாவது முந்திரித் தோட்டெண்ணெய்) என்று பெயர். பச்சைத் தோட்டிலிருந்து எடுத்த எண்ணெயில் பாதிக்கு மேல் அனகார்டிக் அமிலம். மீதியில் கார்டால், கார்டனால். இதைச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை வெளியே விட்டுவிட்டு கார்டனாலாக மாறிவிடுகிறது. பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் இளமஞ்சள் நிறத்தில் கார்டனால் தனியாக வரும்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது அதன் வடிவம். கார்டனாலின் ஒரு முனை ஃபீனால் வளையம், மறுமுனை பதினைந்து கார்பன் நீளமுள்ள வால். வளையம் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்தால் இறுகிப் பிசினாகும். வால் எண்ணெய்க் குணம் கொண்டது, வளைந்து கொடுக்கும், தண்ணீரை அண்ட விடாது. வெறும் ஃபீனால் பிசின் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இந்த வால் இருப்பதால் அது கெட்டியாகவும் இருக்கும், கொஞ்சம் விட்டும் கொடுக்கும். பெட்ரோலியத்திலிருந்து இப்படி ஒன்றைச் செய்வதென்றால் வளையத்தைத் தனியாகவும் வாலைத் தனியாகவும் தயாரித்து ஒட்ட வேண்டும். கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், இரண்டையும் ஒட்டியே கொடுத்துவிடுகிறது.

அமெரிக்காவில் மார்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் 1920களிலும் 1930களிலும் இந்த எண்ணெயைப் பிடித்துக்கொண்டு காப்புரிமை மேல் காப்புரிமையாக வாங்கினார். அவர் வேலை பார்த்தது நியூஜெர்சியில் வார்னிஷும் மின்கடத்தாப் பொருட்களும் செய்த இர்விங்டன் என்ற நிறுவனத்தில். வண்டிகளின் பிரேக்கில் இந்தப் பிசினைப் பொடி செய்து கலந்தால் சூடு தாங்கும், கீச்சென்று கத்துவதும் குறையும். இன்றும் பிரேக் லைனிங் செய்பவர்கள் வாங்குகிறார்கள். இன்னொரு பெரிய பயன் பெயிண்டில். கார்டனாலிலிருந்து செய்த ஃபீனால்கமைன் என்ற இறுக்கி, குளிரிலும் ஈரமான பரப்பிலும் எபாக்சி பூச்சைக் காய வைக்கும். கப்பலின் அடிப்பாகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் கடற்கரை மீனவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வள்ளத்தில் தோட்டெண்ணெய் பூசுவது அவர்களுக்குப் பழைய பழக்கம்.

ஆக, ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஆனால் ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு வரும் பாதையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு கார்டனால் ஆலையில் ஷிஃப்ட் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சேர்ந்த மூன்றாவது மாதம், ராத்திரி ஷிஃப்ட். புதிதாக வந்த பேரல்களிலிருந்து எண்ணெயைக் கெட்டிலில், அதாவது சூடாக்குகிற பெரிய கலனில், ஏற்றிச் சூடாக்க ஆரம்பித்தேன். ஈரப்பதம் பார்த்தாயா என்று சூப்பர்வைசர் அண்ணன் கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்த்தது ஒரே ஒரு பேரலில். மற்ற பேரல்களில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. நூறு டிகிரி தாண்டியதும் நுரை கட்டத் தொடங்கியது. நான் சூட்டைக் குறைக்காமல் அடங்கிவிடும் என்று நின்றுகொண்டிருந்தேன். 140-ஐ நெருங்கும்போது கரியமில வாயுவும் சேர்ந்துகொண்டது. பால் பொங்குகிற மாதிரி, ஆனால் கறுப்பாக, மேன்ஹோல் வழியாகக் கெட்டில் முழுக்க வழிந்து தரைக்கு வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு நாள் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி வாரினோம். என் முன்கையெல்லாம் கொப்புளம். வீட்டுக்குப் போனதும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தார்.

இன்னொரு தலைவலி நிறம். வடித்த அன்று தேன் மாதிரி இருக்கும் கார்டனால், காற்று பட்டுச் சில வாரம் கிடந்தால் தேயிலை டிகாக்ஷன் மாதிரி சிவந்துவிடும். வேலை செய்யும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பெயிண்ட்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ‘இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும்’ என்ற சமாதானம் வாங்குகிறவரிடம் எடுபடாது. அவருக்குப் போன லாரியும் இந்த லாரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கழிவிலிருந்து எடுக்கிற எந்தப் பொருளுக்கும் இதுதான் பெரிய சோதனை. மரம், மண், மழை, கொட்டை எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது, எல்லாம் எண்ணெயில் தெரியும்.

சரி, இவ்வளவு இருந்தும் இந்தத் தொழில் ஏன் ஓடுகிறது? ஒரே காரணம்: தோடு ஒரே இடத்தில் குவிகிறது. பருப்புக்காக யாரோ ஏற்கெனவே காசு செலவழித்து, கொட்டையைக் கொண்டுவந்து, காயவைத்து, உடைத்து, தோட்டை ஆலை முற்றத்தில் மலையாகக் கொட்டி வைத்துவிட்டார்கள். எங்கள் அண்டி ஆபீஸ்களில் உடைபடுவதில் பெரும்பகுதி ஐவரி கோஸ்ட், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற கொட்டை. எங்கோ விளைந்த பயிரின் கழிவு, போக்குவரத்துச் செலவில்லாமல் எங்கள் ஊர் முற்றத்தில் கிடக்கிறது. காய்ந்த தோடு மாதக்கணக்கில் கெடாமலும் இருக்கும்.

இப்போது அதே மரத்தின் இன்னொரு கழிவைப் பாருங்கள். கொல்லாம்பழம். கொட்டைக்கு மேல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தொங்குமே, அது. கொட்டையைப் போல் ஐந்து, பத்து மடங்கு எடை. வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம். டானின் உண்டு, சர்க்கரை உண்டு, சாயம் உண்டு. இதைப் பற்றி வந்த ஆய்வுக்கட்டுரைகளை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். கோவாவில் ஃபெனி காய்ச்சுகிறார்கள், அதற்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை விட்டால் நம் நாட்டில் பெரும்பாலான பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. ஏன்? பெரும்பகுதி தண்ணீர். விழுந்த மறுநாள் புளித்துவிடும். தோப்பு தோப்பாகப் பொறுக்க வேண்டும். சீசன் மூன்று நாலு மாதம்தான், மீதி மாதம் இயந்திரம் தூங்கும். வேதியியலாகப் பார்த்தால் பழம் தோட்டுக்குச் சளைத்ததில்லை. குவியல்தான் கிடையாது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்ற வெற்றிக் கதைகளும் புரியும். உமியிலிருந்தும் சோளக்கட்டையிலிருந்தும் ஃபர்ஃப்யூரால் என்ற, பிசினும் கரைப்பானும் செய்ய உதவும் திரவத்தை எடுக்கலாம் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். தொழிலாகத் தொடங்கியது 1920களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சீடர் ராபிட்ஸ் ஊரில், குவேக்கர் ஓட்ஸ் ஆலையில். ஓட்ஸ் உமி அவர்கள் ஆலையிலேயே மலையாகக் கிடந்ததால்தான். நம் அரிசி ஆலைத் தவிடும் அப்படியே. தவிட்டெண்ணெயும் அதிலுள்ள ஒரைசனால் என்ற வேதிப்பொருளும் நல்ல சரக்கு. ஆனால் அரைத்த சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். உடனே சூடுகாட்டி நிறுத்தாத தவிடு மாட்டுக்குத்தான்.

அனகார்டிக் அமிலம் கிருமியைக் கொல்லும், கட்டியைக் கரைக்கும் என்று அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்றிருக்கிறது, உண்மை. ஆனால் அம்மாவின் விரல் தோலையும் உரித்த பொருள்தான் அது. தட்டில் நடந்ததை வைத்து யாராவது மாத்திரை, மூலிகைச் சாறு என்று தொழில் திட்டம் நீட்டினால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இந்த எண்ணெய்க்கு நிலையாகக் காசு கொடுத்தவர்கள் பிரேக்காரர்களும் பெயிண்ட்காரர்களும்தான். அவர்களும் கச்சா எண்ணெய் விலையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பெட்ரோலிய ஃபீனால் மலிந்தால் நம் பேரல் கிடங்கில் தங்கும். 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம், பெட்ரோலியத்திலிருந்து செய்கிற நோனைல்ஃபீனால் என்ற வேதிப்பொருளுக்குக் கட்டுப்பாடு போட்டது. நீரில் வாழும் உயிர்களைப் பாதிக்கிறது என்பதால். அதற்கு மாற்றாக கார்டனாலைத் தேடி வந்தவர்கள் உண்டு. அந்தச் சட்டம் செய்த விற்பனையை எங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்தாலும் செய்திருக்க மாட்டார்கள்.

இனி, சிறிதாகத் தொடங்குவது பற்றி. தோடு ஆட்டுகிற எக்ஸ்பெல்லர் அளவில் சின்ன முதலாளிகள் இருக்கிறார்கள். எண்ணெயைப் பேரலில் பெரிய ஆலைக்குக் கொடுப்பார்கள், மிஞ்சிய புண்ணாக்கு சூளைக்கு எரிபொருளாகப் போகும். கார்டனால் வடிப்பது வேறு கதை. வெற்றிடப் பம்பு, அனல் எண்ணெய்க் கொதிகலன், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவுநீர் என்று நீளும். வீட்டுக் கொல்லையில் பானையில் முயற்சி செய்யவே வேண்டாம். தோட்டெண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும், மேலே பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கழிவு இலவசமாகக் கிடைப்பது முதல் லாரி வரைதான். முன்பு தோட்டை அடுப்பில் போட்டு எரித்த அண்டி ஆபீஸ்காரர், வாங்க ஆள் வந்ததும் விலை சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது ஆள் வந்ததும் விலையைக் கூட்டினார். அதில் தப்பும் இல்லை. உங்கள் திட்ட அறிக்கையில் மூலப்பொருள் விலை பூஜ்யம் என்று போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். உடைத்த பெண்களின் கூலி மட்டும் தோடு விற்றதால் ஒரு பைசா ஏறவில்லை.

ஆலையில் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன பாட்டிலில் கார்டனால் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ‘இது நம்ம அண்டி எண்ணையா மக்களே?’ ஆமாம் என்றேன், இது கப்பல் பெயிண்டுக்குப் போகிறது என்றேன். ‘இந்தக் கறையவா காசு குடுத்து வாங்குகான்?’ என்று கேட்டுவிட்டு மூடியைத் திறக்காமலே திருப்பித் தந்தார். பல வருடம் கழித்து ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னபோது அந்த இயந்திரத்தில் அவர் ரேகை விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னை வரச் சொன்னார்கள்.

உங்கள் ஊரில் என்ன குவிகிறது, எந்த மாதத்தில், யார் முற்றத்தில், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கீழே எழுதுங்கள். எந்த வேதிப்பொருள் என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.