மெக்பிரைடை இரண்டாம் சுற்றில் எடுக்கலாமா?

ஃபேண்டஸி ஃபுட்பாலில் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் விளையாட்டு) 2025 சீசனுக்கு அரிசோனா கார்டினல்ஸின் டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தும் பிடிக்கும் வீரர்) ட்ரே மெக்பிரைடை இரண்டாம் சுற்றுக் கடைசியில் எடுக்கலாமா, 2024-இல் பிடித்த டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டை எட்டி எடுக்கும் ஸ்கோர்) இரண்டுதானே என்று தயங்குகிறீர்கள். உங்கள் லீக்கில் கேட்சுக்கு ஒரு புள்ளி என்றால் தாராளமாக எடுங்கள். 2024-இல் அவர் பிடித்தது 111 கேட்ச், 1,146 யார்டு. டச் டவுனை ஒதுக்கிவிட்டு, பத்து யார்டுக்கு ஒரு புள்ளி என்று கணக்குப் போட்டாலே 225 புள்ளியைத் தாண்டுகிறது! டச் டவுன் வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும். ஆனால் 2024-இல் அணிக்குப் பந்து வீசிய குவாட்டர்பேக் கைலர் மரே அவரைத் தேடித் தேடி வீசினார்; அப்படிப் பந்து தேடி வருவது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அரைப் புள்ளி லீக் என்றால் கதை வேறு. அதே கேட்சுகளுக்கு 55 சொச்சம்தான் கிடைக்கும். அப்போது அந்தச் சுற்றில் நல்ல ரிசீவர் (பந்து பிடிப்பதே முக்கிய வேலையான வீரர்) ஒருவரை எடுத்துவிட்டு, டைட் எண்டுக்குக் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம், அதே அணியின் ரிசீவர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் தேறினால் மெக்பிரைடுக்குப் பந்து குறையுமே என்பார்கள். குறையட்டும், கோல் கோட்டருகே இவர் மேலுள்ள எதிரணிக் காவல் தளருமே.