மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் உடம்பில் புற்றுநோய்: கேள்வி பதில்

(மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர்களுக்கு மட்டும். நோயாளிகள் இதைப் படித்துவிட்டு மாத்திரையில் கை வைக்க வேண்டாம்.)

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை: கிட்னி மாற்று செய்தவர், லிம்போமாவுக்காகக் கீமோ வார்டில் இருக்கிறார். டாக்ரோலிமஸ் (உடம்பு மாற்று உறுப்பை எதிர்க்காமல் அடக்கும் மருந்து) லெவல், அதாவது ரத்தத்தில் அதன் அளவு, 19 வந்தது. டோஸைக் குறைத்தோம், இரண்டு நாளில் 4. லேப் தப்பா?

லேப் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி, சிஸ்டர். ரத்தம் எடுத்தது காலை மாத்திரைக்கு முன்னா, பின்னா? முந்தின இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டிருந்தால் காலை 7.30க்கும் 8க்கும் நடுவில் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை அதற்கப்புறம்தான். மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தால் உச்ச அளவு வரும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் அடுத்து 4தான் வரும், அதற்கடுத்து உடம்பு மாற்றுக் கிட்னியை எதிர்த்துத் தாக்கும் ரிஜெக்‌ஷன். நாளுக்கு ஒருவேளை போடும் நீள்வெளியீட்டு மாத்திரையானால் 24 மணி நேர இடைவெளி.

ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாக அனுப்புங்கள். மருந்து சிவப்பணுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் சீரத்தில் பார்த்துப் பயனில்லை. டாக்ரோலிமஸ் ட்ரிப்ஸில் போகிறதென்றால் அதே லைனில் ரத்தம் எடுக்காதீர்கள். குழாய்ச் சுவரில் மருந்து ஒட்டியிருக்கும், பொய்யாக எகிறிக் காட்டும்.

நேரம் சரியாக இருந்தும் 19 என்றால் பேதி இருந்ததா என்று பாருங்கள். கீமோவில் குடல் உள்தோல் உரியும்போது, மருந்தை அங்கேயே சிதைக்கும் என்சைமும் குறைந்து லெவல் ஏறும். பேதியானால் மருந்து வெளியே போய் லெவல் இறங்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நடப்பது நேர் எதிர். வாந்திக்கு அப்ரெபிடன்ட், வாய்ப்பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் இருந்தாலும் ஏறும். சப்பிக் கரைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரைகூட ஏற்றும். அதை யாரும் மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

மருந்தாளுநர், வேலூர்: பூஞ்சைக்கு வோரிகோனசோல் ஆரம்பிக்கிறார்கள். எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?

டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காக்கி, 3 நாளில் லெவல். பலர் கோட்டை விடுவது பூஞ்சை மருந்தை நிறுத்தும் நாளில்தான். டோஸைத் திரும்ப ஏற்ற மறந்துவிடுவார்கள். நிறுத்தும் தேதியையும் அன்றே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்குத் தலைகீழ். டோஸை 2 முதல் 5 மடங்குவரை ஏற்ற வேண்டியிருக்கும், நிறுத்தினால் சுமார் இரண்டு வாரத்தில் அந்த விளைவு வடிந்து லெவல் எகிறும். காசநோய்க்கு ரிஃபாபுடின் கிடைத்தால் பாதித் தலைவலி குறையும்.

ஹவுஸ் சர்ஜன், திருநெல்வேலி: வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடலாமா?

கூடாது.

பொது மருத்துவர், கும்பகோணம்: மாற்று செய்து 8 மாதம். கழுத்தில் கட்டி, காய்ச்சல். காசநோய் மருந்தை ஆரம்பித்துப் பார்க்கலாமா?

நம் ஊரில் அந்த நினைப்பு வருவது இயல்புதான். ஆனாலும் திசு கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மாற்றுக்குப் பிந்தைய லிம்போமா வகை நோய் முதல் ஓராண்டில்தான் அதிகம் தலைகாட்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பார்த்திராத உடம்புக்கு, அந்த வைரஸ் உள்ள கொடையாளியின் உறுப்பு வந்தால் ஆபத்து மிக அதிகம். குழந்தைகள் பெரும்பாலும் இந்த வகை.

ஊசியால் உறிஞ்சி எடுத்தால் போதாது. நிணநீர் முடிச்சை முழுதாக எடுங்கள், அமைப்பு தெரிந்தால்தான் வகை பிரிக்க முடியும். ஒரு துண்டு ஃபார்மலினில் நோய்க்குறியியலுக்கு, இன்னொரு துண்டு ஃபார்மலின் படாமல் வெறும் சலைனில் காசநோய்க் கல்ச்சருக்கு. இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு கல்ச்சர் கேட்பது வாராவாரம் நடக்கிற கூத்து.

உறுதியானால் முதல் சிகிச்சை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைப்பது. மைகோஃபெனோலேட்டை நிறுத்தி, டாக்ரோலிமஸைப் பாதியாக்கி, ஸ்டீராய்டை வைத்துக்கொண்டு 2 முதல் 4 வாரம் பார்ப்பார்கள். கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் மேல் ஒரு கண் இருக்கட்டும். அடங்காவிட்டால் பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப், உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒன்றாக நான்கு. அதற்கும் மிஞ்சினால் சாப் (CHOP, நான்கு மருந்து சேர்ந்த) கீமோ. வேகமாகப் பரவும் நோய்க்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. ரிட்டுக்ஸிமாப் போடும் முன் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டுமே பார்க்க வேண்டும். முதலாவது நெகட்டிவ் என்று விட்ட இடத்தில் ஹெபடைடிஸ் பி விழித்துக்கொண்டு கல்லீரலைச் சாய்த்திருக்கிறது.

செவிலியர், சேலம்: கீமோ நாளன்று டாக்ரோலிமஸ் லெவல் எப்போது எடுப்பது?

மாத்திரைக்கு முன்னால். முதல் பதில்.

மெடிக்கல் ஆன்காலஜி ரெசிடென்ட், சென்னை: மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்குப் பரவிய தோல் புற்றுநோய். பிடி-1 தடுப்பு மருந்து (எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றைத் தாக்க வைக்கும் இம்யூனோதெரபி) கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கிட்னி போகலாம் என்று தெரிந்துகொண்டு. பழைய நோயாளித் தொகுப்புகளில் சுமார் பத்துக்கு நாலு பேருக்கு ரிஜெக்‌ஷன், பெரும்பாலும் முதல் சில வாரங்களில். கல்லீரல், இதயம் என்றால் ரிஜெக்‌ஷன் உயிரையே எடுக்கும். சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் இருக்கிறது.

நெஃப்ராலஜிஸ்ட், கோவை: "டயாலிசிஸ் இருக்கிறது" என்று ஆன்காலஜி பக்கம் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட பழைய ஃபிஸ்டுலா மூடிப்போயிருக்கும், வாரம் மூன்று நாள் அலைச்சல். ரிஜெக்ட் ஆன கிட்னி உள்ளேயே வீங்கிக் காய்ச்சலும் வலியும் கொடுத்தால் எடுக்க வேண்டியதும் எங்கள் தலையில்தான்.

ஒப்புக்கொள்கிறேன், டாக்டர். அதனால்தான் முதல் டோஸுக்கு முன்பே ஃபிஸ்டுலாவைப் பார்த்து வைக்கச் சொல்வது. ஆனால் வேறு சிகிச்சை எடுபடாத நோயில் கிட்னியைக் காப்பாற்றி ஆளை இழப்பதும் கணக்கில் வராது. முடிவு நோயாளியுடையது. டயாலிசிஸ் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், ஒப்புதல் படிவத்தில் இருந்தால் போதாது.

ரெசிடென்ட், சென்னை: ஸ்டீராய்டு கொடுத்தால் இம்யூனோதெரபி வேலை செய்யாதே சார்?

அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2024இல் வெளியான அமெரிக்கச் சிறு ஆய்வில் 12 சிறுநீரக மாற்று நோயாளிகள். டாக்ரோலிமஸுக்குப் பதில் வேறு வகை அடக்கும் மருந்தான எவரோலிமஸ் அல்லது சைரோலிமஸ், செமிப்ளிமாப் என்ற பிடி-1 மருந்தோடு சுற்றுக்குச் சுற்று ஸ்டீராய்டான ப்ரெட்னிசோன்: முந்தின நாளிலிருந்து 3ஆம் நாள்வரை 40 மி.கி., 6ஆம் நாள்வரை 20, பிறகு அடுத்த சுற்றுவரை 10. ரிஜெக்‌ஷன் ஒருவருக்கும் இல்லை, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வில் அடக்கும் மருந்தை நிறுத்தாமலே நிவோலுமாப் என்ற பிடி-1 மருந்து கொடுத்த 17 பேரில் 2 பேர் கிட்னியை இழந்தார்கள்.

நெஃப்ராலஜிஸ்ட், கோவை: 12 பேரை வைத்து நெறிமுறை எழுதுவதா?

எழுதக் கூடாது. ஆனால் "கொடுக்கவே கூடாது" என்று எழுதி வைத்ததற்கும் இதைவிடப் பெரிய ஆதாரம் இருந்ததில்லை. இந்த இரண்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: இம்யூனோதெரபிக்கு வழிவிடுகிறேன் என்று அடக்கும் மருந்தை மொத்தமாக நிறுத்தாதீர்கள். முதல் மாதம் வாரம் இரண்டு முறை கிரியாட்டினின், கால் பங்கு ஏறினாலே பயாப்சி பற்றிப் பேசுங்கள். சைரோலிமஸுக்கு மாற்றும் முன் சிறுநீரில் புரதம் பாருங்கள், அதிகம் இருந்தால் மாற்றுவது கிட்னிக்கே தீங்கு. புதிதாக அறுவை செய்த புண்ணும் ஆறாது.

செவிலியர், ஈரோடு: லெவலுக்கு ரத்தம் மாத்திரை போட்ட பிறகு எடுத்துவிட்டோம். 2 மணி நேரத்தைக் கழித்துக் கணக்குப் போடலாமா?

முடியாது. மறுநாள் காலை மாத்திரைக்கு முன் திரும்ப எடுங்கள். கட்டில் தலைமாட்டில் "ரத்தம் முதலில், மாத்திரை பிறகு" என்று எழுதி ஒட்டுங்கள்.

சர்ஜரி பிஜி, தஞ்சாவூர்: குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவினால் கல்லீரல் மாற்று வீண்தானே?

எல்லோருக்கும் வீணில்லை. 2024இல் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வில் 94 பேர். கல்லீரலுக்கு வெளியே பரவல் இல்லை, அங்கிருந்த கட்டிகளை வெட்டியெடுக்க வழியில்லை, கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டிருந்தது. மாற்றும் கீமோவும் பெற ஒதுக்கப்பட்டவர்களில் 5 ஆண்டு உயிர்வாழ்வு சுமார் 57 விழுக்காடு, கீமோ மட்டும் என்றால் 13. தேர்வு அவ்வளவு கறார். கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கு 1996இன் மிலான் அளவுகோல்தான் இன்னும் அடித்தளம்: ஒற்றைக் கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்றுவரை, ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்.

ஒருங்கிணைப்பாளர், சென்னை: மூளைச்சாவு கொடையாளியிடம் புற்றுநோய் இருந்தால் எப்படித் தெரியும்?

காரணம் தெரியாத மூளை ரத்தக்கசிவைச் சந்தேகியுங்கள். மெலனோமாவோ (மச்சம் போலத் தோன்றும் தோல் புற்று) கோரியோகார்சினோமாவோ (நஞ்சுக்கொடித் திசுவில் வரும் புற்று) மூளைக்குப் பரவிக் கசிந்து சாதாரண ரத்தக்கசிவு போலவே காட்டும். அப்படிப் போன உறுப்புகளைப் பெற்றுக்கொண்ட நோயாளிகளுக்கு நோய் தொற்றிய வரலாறு உண்டு. பிள்ளைபெறும் வயதுப் பெண் கொடையாளியானால் கோரியோகார்சினோமாவைக் காட்டிக்கொடுக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை கட்டாயம். எடுத்த மச்சம் ஏதாவது உண்டா என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள். உறுப்பு எடுக்கும்போது வயிறு, மார்பு முழுவதையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செவிலியர், மதுரை: கீமோவின்போது மைகோஃபெனோலேட், ஸ்டீராய்டு இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

மைகோஃபெனோலேட்டை நிறுத்துவது வழக்கம், அதுவும் வெள்ளணுவைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கில் போட்ட ப்ரெட்னிசோலோனைச் சட்டென நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டு ரத்த அழுத்தம் சரியும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லையா, ஊசியாக ஹைட்ரோகார்டிசோன்.

நர்சிங் மாணவி, நாகர்கோவில்: பன்றிக் கிட்னி எப்போது வரும்?

வேறொரு நாள் வைத்துக்கொள்வோம், இன்று இந்தக் கிட்னியே போதும்.

மருத்துவர், ஓசூர்: லெவல் 14, டோஸ் குறைக்கவா?

எத்தனை மணிக்கு எடுத்தது?